புட்டுக்கு வரும் சுறா எந்தச் சுறா?

காசிமேட்டில் சுறா வந்து இறங்கினால் முதலில் அடிவயிற்றைத்தான் பார்ப்பேன். ஆண் சுறாவுக்கு அடிவயிற்றுத் துடுப்பையொட்டி விரல் போல இரண்டு உறுப்புகள் இருக்கும். கெட்டியாக நின்றால் வளர்ந்த சுறா, துவண்டால் குட்டி. மீன்வள ஆய்வில் இருக்கும் எங்களுக்கு இது அரிச்சுவடி. சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாவில் நான் பார்ப்பவை பெரும்பாலும் துவள்கிறவைதான். மனசு கேட்பதில்லை.

பெண் சுறாவை அறுக்கும்போது நின்று பாருங்கள். பால் சுறாவின் வயிற்றில் குட்டிகள் தொப்புள்கொடியோடு கிடக்கும். ஓர் ஈற்றுக்கு எட்டைத் தாண்டுவது அரிது. கவலை மீனோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரண்டையும் ஒரே வலையில் வாரினால் சுறா எப்படித் தாக்குப்பிடிக்கும்?

உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போய்ச் சேரும். அதனால் உச்சியில் இருப்பவை எப்போதுமே கொஞ்சம்தான். ஆனால் அவை போனால் கீழே எல்லாம் குலையும். 1963-ல் ராபர்ட் பெயின் என்ற ஆய்வாளர் அமெரிக்க மேற்குக் கரையில் ஒரு பாறைத்திட்டிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றத் தொடங்கினார். அங்கே அதுதான் உச்ச வேட்டையாடி. மட்டிகள் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டன; 15 வகை உயிர்கள் வாழ்ந்த இடத்தில் 8 மிஞ்சின. நம் கடலில் கொம்பன் சுறா திருக்கையைத் தின்கிறது, திருக்கை நண்டையும் சிப்பியையும் தின்கிறது. மேலே கை வைத்தால் அடிவரைக்கும் ஆடும்.

உச்சியில் இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. நிலக்கரிப் புகையிலிருந்தும் கடலுக்கு வரும் பாதரசம், நுண்ணுயிர்களால் மீத்தைல் பாதரசம் என்ற நச்சாக மாறி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் படிப்படியாகச் செறிந்து, பெரிய சுறாவின் சதையில் தங்குகிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. தாய்ப்பாலிலும் கொஞ்சம் கலக்கும். பச்சைக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. இங்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பால் ஊறட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தேடித்தேடிச் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோம். அந்த அக்கறை எனக்குப் புரிகிறது.

"பால் சுறா சின்னதுதானே சார், அதுல இன்னா இருக்குது?" என்று மீன் விற்கும் அக்காக்கள் கேட்பார்கள். சின்னதில் பாதரசம் குறைவு என்பது சரிதான். ஆனால் தலையை வெட்டித் தோலுரித்துத் துண்டு போட்டபின் அது பால் சுறாவா, பெரிய இனத்தின் குட்டியா என்று என்னாலேயே சொல்ல முடியாது. பச்சை உடம்புக்காரிக்கு நெத்திலியும் கவலையும் வாங்கிக் கொடுங்கள். புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் அவற்றில் நிறைய உண்டு, பாதரசம் மிகக் குறைவு, விலையும் கட்டுப்படியாகும்.