மசகு: சொல் விளக்கம்

ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் உலோகப் பரப்புகளுக்கு இடையில், உராய்வையும் தேய்மானத்தையும் குறைப்பதற்காக இடப்படும் பொருள் மசகு எனப்படும். வைக்கோற்கரியை எண்ணெயில் குழைத்து வண்டியச்சில் பூசிய கருங்குழம்பே இச்சொல்லின் பழைய பொருள். அது எண்ணெயும் திண்மப் பொருளும் சேர்ந்த கலவை என்பதால், இன்றைய கிரீசுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை என்பேன். ஆனால் இலங்கையில் ‘மசகு எண்ணெய்’ கச்சா எண்ணெயைக் குறிப்பதால், எண்ணெய் வகையை ‘உயவு எண்ணெய்’ என்று எழுதுவதே குழப்பம் தராது. உயவு என்பது பழந்தமிழில் வருத்தம். இன்றைய பாடநூல்களில் மசகிடும் செயலைக் குறிக்கிறது.

கிரீஸ் என்ற சொல், ‘கொழுத்த, தடித்த’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘கிராசுஸ்’ என்பதிலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம் பட்டறைக்கு வந்தது. மசகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான லூப்ரிகன்ட் என்பதன் வேரான ‘லூப்ரிகுஸ்’ வழுக்குவதைக் குறிக்கும். அந்த வேரைப் பின்பற்றி ‘வழவழப்பாக்கி’ என்று ஆக்கினால் பொருள் பிசகிவிடும். மிக நுண்ணிதாக மெருகேற்றிய இரண்டு எஃகு அளவுக்கட்டைகளை (நீளத்தைத் துல்லியமாகச் சரிபார்க்க உதவும் கட்டைகள்) சேர்த்து அழுத்தித் தள்ளினால் அவை வழுக்கி ஓடுவதில்லை. கையால் இழுத்தாலும் எளிதில் பிரியாதபடி ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே மசகின் வேலை பரப்பை வழவழப்பாக்குவதன்று, இரு பரப்புகளும் நேராகத் தொடாதபடி இடையில் படலமாக நிற்பது. எண்ணெயற்ற எஃகு எஃகின்மேல் சறுக்கும்போது ஏறத்தாழ 0.6 முதல் 0.8 வரை இருக்கும் உராய்வுக் குணகம் (உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்), மசகிட்டபின் 0.1 அளவுக்கு இறங்குவது இதனால்தான்.

கிரீஸ் என்பது பெரும்பாலும் லித்தியம் அல்லது கால்சியம் சோப்பில் தேக்கி வைத்த எண்ணெயே. அழுத்தம் பட்டால் எண்ணெய் கசிந்து படலமாகிறது. மூடிய இடத்துக்கு அது நல்லது. கருவியின் பாகம் சறுக்கி நகரும் திறந்த சறுக்குத்தடத்திலோ, அரம் போட்ட துகள்கள் அதில் ஒட்டி, மசகே தேய்ப்புப் பசையாக மாறிவிடும். எனவே வீட்டில் செய்யும் கருவியின் தடத்துக்கு, பழைய எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு, சற்றுக் கெட்டியான சறுக்குத்தட எண்ணெயை மெல்லியதாகப் பூசுவதே முறை; அது தடத்தை விட்டு வழியாது, மெதுவாக நகர்த்தும்போது திக்கித் திக்கி நகர்வதையும் குறைக்கும். தூசி மிகுந்த இடத்துக்குக் கிராஃபைட் தூள் ஏற்றது. சமையல் எண்ணெய் வேண்டாம். காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாக இறுகித் தடத்தையே பிடித்துக்கொள்ளும்.