கீசருக்குள் கரையும் கம்பி

தண்டையார்பேட்டையில் ஒரு மூன்றாம் மாடி வீடு. வெந்நீர்க் குழாயைத் திறந்து, வெள்ளை மக்கில் பிடித்துக் காட்டினார் அந்த அக்கா. டீ நிறத்தில் இருந்தது. "வாங்கி மூணு வருஷம்கூட ஆகல தம்பி" என்றார்.

பச்சைத்தண்ணீர்க் குழாயையும் திறக்கச் சொன்னேன். அதில் தெளிவாக வந்தது. இரண்டிலும் செம்மை இருந்தால் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைச் சந்தேகப்படலாம். வெந்நீரில் மட்டும் என்றால் துரு கீசருக்குள்தான்.

கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடிமூடியைக் கழற்றினேன். காயிலின் பக்கத்தில் விரல் தடிமனில் இருக்க வேண்டிய ஆனோடு ராடு, குடைக்கம்பி மாதிரி வெறும் கம்பியாக நின்றது. டேங்கின் அடியில் வெல்டிங் ஓரம் ஓர் ஊசித்துளை. அதை அடைத்துப் பயனில்லை, கீசரையே மாற்ற வேண்டியதுதான்.

அந்த ராடு மெக்னீசியத்தால் ஆனது. டேங்க் இரும்புத் தகடு. உள்ளே கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு. எந்தப் பூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அதன் வழியே இரும்பைத் தொடும் தண்ணீர் அதை அரிக்கப் பார்க்கும். இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் கரையும் என்பதால், அது தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது. காசிமேட்டில் இரும்புப் படகைக் கரையேற்றும்போது சுக்கான் பக்கம் துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க ஹம்ப்ரி டேவி 1824இல் சொன்ன வழி இது.

வடசென்னையில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் நம் போர்வெல் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது ஊரறிந்த கதை. கடலோரத் தெருக்களில் டிடிஎஸ் மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) 1500ஐத் தாண்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். குடிநீருக்கான இந்தியத் தரம் 500 வரை நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. உப்பு கூடக்கூட தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், ராடும் வேகமாகக் கரையும். மெட்ரோ தண்ணீர் வரும் வீட்டில் இரண்டு வருடம் தாங்குவது, போர் தண்ணீரில் ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க் என்றால் கவலையில்லை என்று நம்பிவிடாதீர்கள். உப்பில் உள்ள குளோரைடு மிகுந்த சூடான தண்ணீர் 304 ரக ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாகக் குழி போடும். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்தால் காயிலில் சுண்ணாம்பு படிவது குறையும், அது நல்லதுதான். ஆனால் குளோரைடு அப்படியே இருக்கும். ராடு கரைவதும் நிற்காது.

என் மனதை மிகவும் வருத்துவது வேறொன்று. சர்வீஸ் செய்ய வருகிறவர்கள் சிலர், தீர்ந்துபோன ராடைக் கழற்றிவிட்டுப் புதிதாக எதுவும் போடாமலே மூடிவிடுகிறார்கள். வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வருகிறது என்பதற்காகவும் ராடை எடுத்துவிடுகிறார்கள். தண்ணீரில் உள்ள ஒருவகை பாக்டீரியா சல்பேட்டை மாற்றுவதால் வரும் வாடை அது; மெக்னீசியம் இருந்தால் கூடுவதும் உண்மை. அதற்கு டேங்கைச் சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த அலுமினிய ராடு போடலாம். ராடே இல்லாமல் விட்டால் அடுத்து அரிபடப் போவது டேங்க்தான். அதனால் சர்வீஸ் முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய ராடைக் கையில் வாங்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்தான். மூடியின் கேஸ்கட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி பக்கம் வையுங்கள். அதற்கு மேல் போனால் சுண்ணாம்பும் அரிப்பும் இரண்டுமே கூடும்.

அந்த அக்கா வீட்டில் இன்னொரு பாத்ரூமிலும் அதே சமயம் வாங்கிய கீசர் இருந்தது. ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் அதைப் போடுவார்களாம். திறந்தேன். ராடு கால்வாசி மிச்சம், வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. டேங்க் நன்றாகவே இருந்தது. புது ராடு போட்டு, கீசரின் பக்கவாட்டில் மார்க்கரால் தேதி எழுதினேன். "அடுத்து எப்போ பாக்கணும்னும் எழுதிடுப்பா" என்றார். அதையும் எழுதினேன்.