ஜெர்மனியில் பணிச் சான்றிதழ்: பழைய நிறுவனம் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு நிறுவனத்தை விட்டு விலகும்போது கையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு காகிதங்கள்தான்: ஒரு ரிலீவிங் லெட்டர், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன பதவியில் இருந்தார் என்று நான்கு வரிகளில் முடிந்துவிடும் ஓர் அனுபவச் சான்றிதழ். இந்தப் பழக்கத்தோடு ஜெர்மனிக்குப் போனவர், அங்கே வேலையை விடும்போது ஒன்றிரண்டு பக்கத்துக்குத் தம்மைப் பாராட்டி எழுதிய கடிதத்தைப் பெற்றால், மகிழ்ந்து அதைக் கோப்பில் வைத்துவிடவே செய்வார். அதில் குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இருக்காது. ஆனால் அடுத்த நிறுவனத்தில் ஆள் எடுப்பவர் அதே கடிதத்தைப் படித்து, இவர் சுமாரான ஊழியர் என்றோ மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவர் என்றோ முடிவு கட்டிவிட முடியும்.

ஆர்பைட்ஸ்சொய்க்னிஸ் எனப்படும் இந்தப் பணிச் சான்றிதழ் நிறுவனம் விருப்பப்பட்டுத் தருவதன்று. ஊழியரின் சட்ட உரிமை. அந்நாட்டுத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வேலை முடியும்போது என்ன வேலை, எவ்வளவு காலம் என்பதை மட்டும் கூறும் எளிய சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். ஊழியர் விரும்பினால், அவருடைய வேலைத்திறனையும் நடத்தையையும் மதிப்பிடும் விரிவான சான்றிதழையும் கேட்கலாம். சான்றிதழ் தெளிவாகவும் புரியும்படியும் இருக்க வேண்டும் என்றும், வெளிப்படையாகத் தெரியும் பொருளுக்கு வேறான ஒன்றை உணர்த்தும் நோக்கமுள்ள அடையாளமோ சொற்றொடரோ அதில் இருக்கக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. முன்பு கையொப்பமிட்ட காகிதம் மட்டுமே செல்லும்; 2025 ஜனவரி 1 முதல், ஊழியர் சம்மதித்தால், சட்டம் ஏற்கும் மின்கையொப்பத்துடன் மின்னணு வடிவிலும் தரலாம்.

எதை எழுதலாம் என்பதை இரண்டு கடமைகள் தீர்மானிக்கின்றன. எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். அதே சமயம், 1963இல் கூட்டாட்சி உச்ச உரிமையியல் நீதிமன்றம் கூறியதுபோல, ஊழியரின் முன்னேற்றத்துக்குத் தேவையின்றித் தடை போடாமல் நல்லெண்ணத்தோடு எழுதப்பட வேண்டும். சரியாக வேலை செய்யாதவரைப் பற்றி உண்மையையும் சொல்ல வேண்டும், அது கனிவாகவும் இருக்க வேண்டும் என்றால் எழுதுகிறவர் என்னதான் செய்வார்? பாராட்டுச் சொற்களையே ஏற்றியும் இறக்கியும் மதிப்பெண் போடும் ஒரு வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டதற்குக் காரணம் இதுதான்.

அந்த வழக்கத்தின் நடு வாக்கியம் "எங்களுக்கு முழுத் திருப்தி தரும் வகையில் பணியாற்றினார்" என்பது. நம் காதுக்கு இது நல்ல பாராட்டாகவே கேட்கும். ஜெர்மன் பள்ளி அளவுகோலில், ஒன்று மிகச் சிறந்தது என்று தொடங்கும் வரிசையில், இதற்கு மூன்றாம் இடம். இதன் முன்னால் "எப்போதும்" என்று பொருள்படும் "ஷ்டேட்ஸ்" என்ற ஒரே சொல் சேர்ந்தால் மதிப்பு இரண்டாகிறது. "ஷ்டேட்ஸ்" இருந்து, "முழு" என்பதற்கு "ஃபோல்ஸ்டன்" என்ற உச்ச வடிவமும் வந்தால் ஒன்று. முழுமைக்கு மேல் ஒரு முழுமை ஏது என்று இலக்கணம் பார்ப்பவர்கள் கேட்கலாம். ஆனால் வேலைச் சந்தையில் அந்தச் சொல்லுக்குத்தான் மதிப்பு. "முழு" என்பதும் போய் வெறும் "திருப்தி" மட்டும் நின்றால் நான்கு. "முயற்சி எடுத்துக்கொண்டார்" என்று எழுதியிருந்தால், முயன்றார், முடியவில்லை என்றே படிப்பார்கள். நடத்தை பற்றிய வரியில் மேலதிகாரிகள், சக ஊழியர்கள் என்ற வரிசை மாறி, மேலதிகாரிகள் பின்னுக்குப் போனாலோ விடுபட்டாலோ, அவர்களோடு உரசல் இருந்தது என்று பொருள் கொள்வது வழக்கம்.

இந்த "எப்போதும்" என்ற சொல்லுக்காகவே ஒரு வழக்கு எர்ஃபுர்ட் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனது. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் ஓராண்டு வேலை பார்த்த பெண், தமக்கு மூன்று போதாது, இரண்டு வேண்டும் என்று கேட்டார். சான்றிதழ்களில் ஏறத்தாழ 90 சதவீதம் "நன்று" அல்லது "மிக நன்று" என்றே தரப்படுவதாகச் சொன்ன ஆய்வுகளைக் காட்டிக் கீழ்நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. ஆனால் 2014 நவம்பர் 18 அன்று மேல்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: அளவுகோலின் நடு மூன்றுதான், அதற்கு மேல் கேட்பவர் தம் திறமையைத் தாமே நிரூபிக்க வேண்டும். அதற்குக் கீழே மதிப்பிட்டால் நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். எனவே வேலையில் இருக்கும்போது வரும் பாராட்டு மின்னஞ்சலையும் ஆண்டு மதிப்பீட்டையும் அலட்சியமாக அழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நோய், கர்ப்பம், தொழிற்சங்க ஈடுபாடு, வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டது ஆகியவற்றைப் பொதுவாக எழுதக் கூடாது; எப்போதோ ஒருமுறை நடந்த தவற்றையும் எழுதக் கூடாது. மறுபுறம், பணம் கையாடியவரை நேர்மையானவர் என்று எழுதி அனுப்பும் நிறுவனமும் தப்ப முடியாது. அதை நம்பி வேலை கொடுத்த அடுத்த நிறுவனத்துக்கு நேரும் நட்டத்துக்கு அது பொறுப்பாகக்கூடும். சான்றிதழ் கொடுத்த பிறகுதான் உண்மை தெரியவந்தது என்றால்கூட எச்சரிக்க வேண்டிய கடமை வரலாம் என்பது 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

கடிதத்தின் கடைசியில் நன்றியும் வாழ்த்தும் வருவது வழக்கம். அவை இல்லாத சான்றிதழ் சற்றே கசப்பாகப் படும். ஆனாலும் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்தின் 2012 தீர்ப்பின்படி அதை வற்புறுத்திக் கேட்க உரிமையில்லை. இருந்தும், ஒருவர் திருத்தம் கேட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, ஏற்கெனவே எழுதிய நன்றி வரியை அடுத்த பிரதியில் நீக்குவது பழிவாங்கல் ஆகும் என்று 2023 ஜூனில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தம் கேட்கத் தயங்கும் நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

திருத்தம் வேண்டுமென்றால், "மோசமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வாக்கியத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுத்தில், கெடு நாளும் குறிப்பிட்டு அனுப்புங்கள். வரைவை நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அப்போது ஜெர்மன் நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்பிவிடாதீர்கள். திருத்திய சான்றிதழும் முதல் சான்றிதழின் தேதியையே தாங்க வேண்டும்; தேதி தள்ளிப்போயிருந்தால் இடையில் தகராறு நடந்தது வெளியே தெரிந்துவிடும். நிறுவனம் மறுத்தால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முதல் நிலையில் வழக்கறிஞர் கட்டாயமில்லை, வைத்துக்கொண்டால் வென்றாலும் அவருடைய கட்டணம் உங்களுடையதே. பொதுக் காலவரம்பு மூன்று ஆண்டு என்றாலும், பல வேலை ஒப்பந்தங்களில் சில மாதங்களிலேயே உரிமை முடிந்துவிடும் என்ற விதி இருப்பதால் ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். வேலையில் இருக்கும்போதே மேலாளர் மாறுகிறார் என்றால், அவர் போகும் முன் இடைக்காலச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் அவர்தான்.