ஆர்.ஜி.பி. எல்.இ.டி.யில் சிவப்பு மட்டும் எரிகிறதா?

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றாக உள்ள இந்த நான்கு கால் எல்.இ.டி.யை ஆர்டுயினோ ஊனோ என்ற நிரல் எழுதி இயக்கும் போர்டில் மாட்டி, மூன்று நிறத்துக்கும் உச்ச மதிப்பான 255 கொடுத்தும் வெள்ளை வராமல் சிவப்பு மட்டும் எரிந்தால், நிரலைக் குடையாதீர்கள். மூன்று நிறத்துக்கும் பொதுவான காலைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரே ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும்.

சிவப்பு சுமார் 2 வோல்ட்டில் எரிந்துவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் என்றால், சிவப்பு எரிந்ததும் மற்ற இரண்டுக்கும் அதே 2 வோல்ட்தான் மிஞ்சும். எப்படி எரியும்? ஆகவே நிறத்துக்கு ஒன்றாக மூன்று 220 ஓம் போடுங்கள். 5 வோல்ட்டில் சிவப்பில் சுமார் 14 மில்லி ஆம்பியரும், மற்றவற்றில் 9 அளவிலும் பாயும். சிவப்பு தூக்கலாகத் தெரிந்தால் அதற்கு மட்டும் 330 ஓம். ஊனோவின் ஒரு பின்னுக்கு (இணைப்பு முனைக்கு) உச்சவரம்பு 40 மில்லி ஆம்பியர். 20-க்குள் நிறுத்துவதே பாதுகாப்பு. ரெசிஸ்டர் இல்லாமலே எரிகிறதே என்று விட்டுவிட்டால், முதலில் சாவது எல்.இ.டி.யாக இல்லாமல் போர்டின் பின்னாகவும் இருக்கலாம்.

நீளமான கால்தான் பொது. அது கேத்தோடா (எதிர்முனை), ஆனோடா (நேர்முனை) என்பது பார்வைக்குத் தெரியாது. மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, கருப்பு முனையை நீளக் காலிலும் சிவப்பு முனையை மற்ற கால்களிலும் தொடுங்கள். எரிந்தால் பொது கேத்தோடு. அது கிரவுண்டுக்குப் போகும். முனைகளை மாற்றினால்தான் எரிகிறது என்றால் பொது ஆனோடு, 5 வோல்ட்டுக்கு. சில மீட்டர்கள் நீலத்தை எரிக்கும் அளவு வோல்ட் தராது, அதனால் சிவப்பை வைத்தே முடிவு செய்யுங்கள். ஆனோடு வகையில் 0 என்றால் முழு வெளிச்சம், 255 என்றால் அணைவு. மதிப்பை 255-இலிருந்து கழித்து அனுப்ப வேண்டும்.

நிறம் கலக்க, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். வசதியுள்ள பின் அவசியம்: 3, 5, 6, 9, 10, 11. போர்டில் அவற்றின் அருகே நெளிகோடு இருக்கும். 4, 7 போன்றவற்றில் மாட்டினால் 128-க்குக் கீழே அணைந்தே கிடக்கும், அதிலிருந்து மேலே முழுதாக எரியும். இடைப்பட்ட நிறமே வராது. சர்வோ மோட்டாரை இயக்கும் நிரல் நூலகத்தைச் சேர்த்தால் 9, 10-இல் பி.டபிள்யூ.எம். நின்றுவிடும். பஸ்ஸரில் ஒலி எழுப்பும் டோன் கட்டளை 3, 11-ஐக் குழப்பும். இரண்டும் வேண்டுமென்றால் மிஞ்சுவது 5, 6 மட்டுமே. டோன் தேவைப்படாத ஆக்டிவ் பஸ்ஸருக்கு மாறினால் 3, 11 இரண்டும் திரும்பக் கிடைக்கும்.

இ.எஸ்.பி.32 என்ற வேறொரு போர்டில் இந்தக் கணக்கு செல்லாது. அதன் ஒவ்வொரு பின்னும் தருவது 3.3 வோல்ட், 220 ஓம் போட்டால் நீலமும் பச்சையும் மங்கிவிடும். 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே, அவற்றில் எந்த நிறமும் எரியாது.