விதைப்பூச்சு

விதைக்கு 'கோட்டிங்' கொடுத்தாயிற்றா என்று கேட்பது இப்போது சர்வசாதாரணம். விதைப்பதற்கு முன் விதைமேல் ஒரு பொடியைப் படியவைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'கோட்' என்ற சொல்லுக்கு முதல் பொருள் உடுப்புதான். அப்புறம் அது விலங்கின் மேல்ரோமத்துக்கும், சுவரில் ஏற்றும் வண்ணத்துக்கும் ஆகி, கடைசியில் விதைமேலும் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த உடுப்பை மனதில் வைத்தோ என்னவோ, சிலர் இதை 'விதை உறை' என்று எழுதிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. விதையுறை என்பது தாவரவியலில் விதையோடு பிறந்த தோலுக்குப் பெயர். அதிலும் நெல், கோதுமை போன்ற தானியங்களில் அந்தத் தோல் கனியின் சுவரோடு ஒன்றாய் ஒட்டிப்போயிருக்கும். நெல்லுக்கு அதற்கும் மேலே உமி. நாம் பூசும் பொடி உமிமேல் ஒட்டுகிறதே தவிர, விதையுறையைத் தொடுவதுகூட இல்லை.

'விதை முலாம் பூசுதல்' என்ற வழக்கும் உண்டு. முலாம் அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல்; பளபளப்பாக்குவதைக் குறிப்பது. தங்கமுலாம் என்றதுமே அடியில் பித்தளையோ என்று சந்தேகம் வருகிறது அல்லவா? நல்ல விதைக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம்.

பேசு பேச்சானது, வீசு வீச்சானது. அதே வார்ப்பில் பூசு பூச்சாகிறது. ஆகவே விதைப்பூச்சு. என் ஓட்டு இதற்குத்தான். கடைசி உகரம் இகரமாகிவிட்டால் விதைப்பூச்சி ஆகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். விதை நேர்த்தி என்பது இதைவிடப் பெரிய குடை. ஊறவைப்பது, மருந்து கலப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். பூச்சு அதில் ஒரு வகை. மெல்லிய படலமாகப் பூசினாலும் சரி, கனமாகப் பூசினாலும் சரி, பூச்சுதான். விதையின் வடிவமே மறைந்து உருண்டையாகிவிட்டால் 'உருண்டையாக்கல்' என்று பிரித்துச் சொல்லலாம்.

சரி, நீர் தேங்கிய மண்ணில் இந்தப் பூச்சுக்கு என்ன வேலை? ('நீர்த்தேக்க மண்' என்று எழுதினால் அணைக்கட்டுதான் நினைவுக்கு வரும்.) முளைக்கிற விதை மூச்சு விடும். மண்துகள்களின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்துவிட்டால், ஆக்சிஜன் நகரும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைந்துவிடும். இருப்பதை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். கோதுமையும் பார்லியும் அந்த நிலையில் முளைக்காமலே அழுகும். நெல் கெட்டி. ஆக்சிஜன் இல்லாதபோதும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். ஆனால் நீருக்கடியில் கிடக்கும் நெல்மணியைக் கூர்ந்து பாருங்கள்: வெளுத்த, நூல்போன்ற முளைக்குருத்து மட்டும் மேலே காற்றைத் தேடி நீண்டிருக்கும், வேர் இருக்காது. முளைத்துவிட்டது, ஆனால் பிடிக்கவில்லை. முளைப்பு வேறு, பயிர் பிடிப்பது வேறு.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கால்சியம் பெராக்சைடு என்ற பொடி. சுழலும் கலத்தில் விதையைப் போட்டு, நீர் தெளித்துத் தெளித்துப் பொடி தூவினால் மணி ஒவ்வொன்றிலும் அது படியும். மண்ணுக்குள் ஈரம் பட்டதும் பெராக்சைடு சுண்ணாம்பாக மாறிக்கொண்டே ஆக்சிஜனை விடும். கணக்குப்படி தூய கால்சியம் பெராக்சைடு 72 கிராமிலிருந்து 16 கிராம் ஆக்சிஜன் வரும். ஒரே மூச்சில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. வேர் இறங்க வேண்டிய முதல் சில நாட்களுக்கு அது போதும். வளர்ந்த பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் இதனால் ஒன்றும் ஆகாது. ஈரம் பட்டாலே வேலையைத் தொடங்கிவிடும் பொருள் என்பதால், பூசிய விதையை ஈரத்தில் வைத்திருந்தால் விதைப்பதற்கு முன்பே அதன் சக்தி போய்விடும்.

ஜப்பானில் நேரடி நெல் விதைப்புக்கு இந்தப் பூச்சோடு இன்னொன்றும் புழக்கத்தில் இருக்கிறது: இரும்புப்பொடியும் ஜிப்சமும் கலந்த பூச்சு. நனைத்து வைத்தால் இரும்பு துருப்பிடித்து, அந்தத் துருவே பொடியை உமியோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். துருப்பிடிக்கும்போது சூடு கிளம்பும். மெல்லிய அடுக்காகப் பரப்பி வைக்காவிட்டால் விதை வெந்துவிடும். இது ஆக்சிஜன் எதுவும் தராது. எடை ஏறுவதால் விதை மிதக்காது, குருவிக்கும் அலகில் உடைப்பது கஷ்டம். அதனால்தான் பெராக்சைடு பூசியதை மண்ணுக்குள்ளும், இரும்பு பூசியதைச் சேற்றின் மேற்பரப்பிலும் விதைக்கிறார்கள். இரண்டையும் வெறுமனே 'கோட்டிங்' என்று விட்டால் எதை எங்கே போடுவது என்று குழம்பும். முதலாவதை உயிர்வளிப் பூச்சு (உயிர்வளி என்றால் ஆக்சிஜன்) என்றும், இரண்டாவதை இரும்புப் பூச்சு என்றும் சொன்னால் ஆழமும் சொல்லிலேயே தெரிந்துவிடும்.