எம்.எல்.ஏ. தோற்றால் நீங்கள் கொடுத்த மனு என்ன ஆகும்?

தேர்தல் தேதி அறிவித்த அன்றோ மறுநாளோ தாலுகா அலுவலகத்திலிருந்து இரண்டு மூன்று பேர் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வருவார்கள். கதவைப் பூட்டி, பூட்டின் மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்துவிட்டுச் சாவியோடு போய்விடுவார்கள். 2021 பிப்ரவரி கடைசியில் எங்கள் ஊரில் இப்படிப் பூட்டியபோது, பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்திருந்த ஒரு பெரியவர், "உள்ளே என் பேப்பர் இருக்கே சார்" என்று கேட்டபடி வாசலிலேயே நின்றார். அரக்கை ஊதி ஆற வைத்துக்கொண்டிருந்தவரிடம் அதற்குப் பதில் இல்லை.

நியாயமான கேள்விதான். எம்.எல்.ஏ. தோற்றுப்போனால் அவரோடு போவது எது, தொகுதியிலேயே தங்குவது எது? இரண்டுக்கும் சட்டத்தில் தனித்தனிக் கணக்கு இருக்கிறது.

முதலில் அந்த சீல். அது கட்டடத்துக்குத்தான், பதவிக்கு இல்லை. தொகுதி அலுவலகம் அரசுக் கட்டடம். தேர்தல் நடத்தை விதிகள் வந்துவிட்டால் அரசுக் கட்டடத்தையோ அரசு வண்டியையோ தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, அதனால் பூட்டுகிறார்கள். எம்.எல்.ஏ. அப்போதும் எம்.எல்.ஏ.தான். வேட்புமனு கொடுத்தாலும், கட்சி சீட்டு தராவிட்டாலும், பேரவை கலையும்வரை அவருக்குச் சம்பளம் உண்டு.

எந்த நிமிடத்தில் முன்னாள் ஆகிறார்?

ஓட்டு எண்ணிக்கை முடிந்த அந்த நிமிடமே என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அரசியலமைப்பின் 172ஆவது பிரிவுப்படி பேரவையின் ஆயுள் அதன் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு. அதற்கு முன்பே ஆளுநர் கலைத்தால் அன்றோடு முடியும், இல்லையென்றால் ஐந்தாண்டு முடிந்ததும் தானாகக் கலையும். 2016 மே 25இல் முதலில் கூடிய பதினைந்தாவது பேரவைக்கு 2021 மே 24 வரை ஆயுள் இருந்தது. மே 2இல் ஓட்டு எண்ணினார்கள். மறுநாள் முதலமைச்சர் பழனிசாமி ராஜினாமா செய்தார், ஆளுநர் பேரவையைக் கலைத்தார். புதிய பேரவை மே 11இல் கூடியது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 67ஏ பிரிவு, தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை அறிவிக்கும் நாளையே வென்றவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளாக வைக்கிறது. அதே சட்டத்தின் 73ஆவது பிரிவு, புதிய பேரவை அமைந்ததாக கெஜட்டில் வந்தாலும் பழைய பேரவையின் ஆயுளை அது பாதிக்காது என்கிறது. ஆக, எண்ணிக்கை முடிந்த இரவில் பல தொகுதிகளுக்கு இரண்டு பேர். தோற்றவர் இன்னும் உறுப்பினர், ஜெயித்தவர் தேர்வாகிவிட்ட உறுப்பினர். சண்டை எதுவும் வராது. ஏனென்றால் வேலை இருவருக்கும் இல்லை.

ஜெயித்தவர் சர்டிபிகேட்டை வாங்கியதும் அவையில் உட்கார்ந்துவிட முடியாது. அரசியலமைப்பின் 188ஆவது பிரிவுப்படி உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்கென்று ஆளுநர் ஒரு தற்காலிக சபாநாயகரை நியமிப்பார். 2021இல் கு.பிச்சாண்டி அந்த இருக்கையில் இருந்தார். உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தாலோ வாக்களித்தாலோ ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம் என்று 193ஆவது பிரிவு சொல்கிறது. 1950இல் அமலுக்கு வந்த தொகை. இன்றும் அதே 500தான்.

பேரவை கலைந்த அன்றே பதவி போகாத ஆள் ஒருவர் உண்டு: சபாநாயகர். பேரவை கலைந்தாலும், அவரே தன் தொகுதியில் தோற்றிருந்தாலும், புதிய பேரவை முதல்முறை கூடுவதற்குச் சற்று முன்வரை நாற்காலி அவருடையது. 179ஆவது பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் கலைந்த பின் அவை சார்பில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமே.

அமைச்சர் கதை வேறு. உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதம் வரை அமைச்சராகவோ முதலமைச்சராகவோ இருக்கலாம் என்கிறது 164(4). தோற்றவருக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. 2021இல் நந்திகிராமில் தோற்ற மம்தா பானர்ஜி முதலமைச்சராகப் பதவியேற்று, சில மாதம் கழித்து பவானிபூர் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார். 2022இல் உத்தராகண்டில் கட்டிமா தொகுதியில் தோற்ற புஷ்கர் சிங் தாமியும் முதலமைச்சராகி, அப்புறம் சம்பாவத்தில் நின்று உறுப்பினரானார். ஆனால் ஆறு மாதம் முடிந்ததும் ராஜினாமா செய்துவிட்டு, ஜெயிக்காமலேயே மறுபடி பதவியேற்பது செல்லாது. பஞ்சாப் வழக்கு ஒன்றில் 2001இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் 1967 தேர்தலை இன்னும் பேசுகிறோம். விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் தோற்றார். முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். 1996இல் பர்கூரில் முதலமைச்சர் ஜெயலலிதாவும் தோற்றார். 1984க்குப் பிறகு 2016வரை ஆளுங்கட்சியை இந்த மாநிலம் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயிக்க விட்டதில்லை. அப்படியென்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கில் முன்னாள்கள் உருவாகிறார்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

ஆளோடு போவது

ஓய்வூதியம் அவரோடு போகும். இப்போது பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளமும் படிகளும் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய். 2018 ஜனவரியில் சட்டம் திருத்தி 55,000இலிருந்து இந்த அளவுக்கு ஏற்றினார்கள். முன்னாள் உறுப்பினருக்கு 2025 ஏப்ரலில் அறிவித்த உயர்வுப்படி மாதம் 35,000, அவர் காலமானால் குடும்பத்துக்கு 17,500, ஆண்டு மருத்துவப்படி ஒரு லட்சம். இதைப் படித்ததும் வயிறு எரிகிறவர்கள் இருப்பார்கள். மதுரை கிழக்கில் இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த நன்மாறன், கடைசிக் காலத்தில் வாடகை வீட்டிலிருந்தபடி கலெக்டர் அலுவலகத்தில் வீடு கேட்டு மனு கொடுத்ததையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். எல்லா முன்னாளும் ஒரே மாதிரி இல்லை. பஞ்சாபில் எத்தனை முறை ஜெயித்தாலும் ஒரே ஓய்வூதியம்தான் என்று 2022இல் சட்டம் கொண்டுவந்தார்கள். முன்னாள் எம்.பி.க்களுக்கு ஓய்வூதியமே கூடாது என்று ஒருவர் போட்ட வழக்கை 2018இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வீடு அவரோடு போகாது. அரசு கொடுத்த அறையோ பங்களாவோ காலி செய்ய வேண்டியதுதான். உத்தரப் பிரதேசத்தில் முன்னாள் முதலமைச்சர்கள் ஆயுள் முழுக்க அரசு பங்களாவில் இருக்கலாம் என்று போட்டுவைத்த சட்டத்தை 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காலி செய்யாமல், வாடகை, கரண்ட் பில், தண்ணீர், போன் பாக்கி வைத்துவிட்டுப் போனால் அடுத்த தேர்தலில் அது கண்ணில் படும். வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26இல், கடந்த பத்தாண்டில் அரசுக் குடியிருப்பில் இருந்தவர் பாக்கி இல்லை என்று சான்று வைக்க வேண்டும். பரபரப்பான சொத்துக் கணக்குகளுக்கு நடுவே யாரும் படிக்காத இடம் அது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தோற்றவர் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பேரவை வேட்பாளருக்கு 2022இல் வைத்த உச்சவரம்பு 40 லட்சம். கணக்கே கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால் திரும்பக் கிடைக்கும். சரியாக ஆறில் ஒன்று வாங்கினால் போதாது, அதைத் தாண்ட வேண்டும்.

முடிவை ஒப்புக்கொள்ளாதவர் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பதைப் பார்க்க ராதாபுரத்துக்குப் போகலாம். 2016இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் தி.மு.க.வின் அப்பாவுவை ஜெயித்தார். செல்லாது என்று ஒதுக்கிய 203 தபால் ஓட்டுகள்தான் தகராறு. தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்டிருந்தார், அவர் கெஜட்டட் அதிகாரியா இல்லையா என்பது கேள்வி. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றையும் மறுபடி எண்ணச் சொல்லி, நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அது வெளியே வராமலேயே ஐந்தாண்டு ஓடியது. 2021இல் அதே தொகுதியில் ஜெயித்து வந்த அப்பாவு, பேரவையின் சபாநாயகரே ஆகிவிட்டார்.

தொகுதியில் தங்குவது

தொகுதி மேம்பாட்டு நிதியை 'எம்.எல்.ஏ. பணம்' என்றே பேசிப் பழகிவிட்டோம். ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய். ஆனால் ஒரு ரூபாய்கூட அவர் கை வழியாகப் போவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார், துறையோ உள்ளாட்சியோ செய்யும். ஆகவே அவர் தோற்றதால் பாதி கட்டிய ரேஷன் கடை நிற்காது. நடத்தை விதிகள் இருக்கும்போதும் தரையில் தொடங்கிவிட்ட வேலை நடக்கலாம். உத்தரவு வந்து தொடங்காத வேலைதான் காத்திருக்க வேண்டும். அனுமதி வாங்காமல் வெறும் பரிந்துரையாக நின்றுபோனதைப் புதியவர் மறுபடி எழுத வேண்டி வரலாம். உங்கள் தெருவின் வடிகால் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். 'கலெக்டர் நிர்வாக அனுமதி தேதி, ஆணை எண், இதுவரை செலவான தொகை' என்று மூன்றை மட்டும் கேளுங்கள். அந்தச் சட்டத்துக்குத் தேர்தல் விடுமுறை இல்லை, 30 நாள் கெடு அப்படியே ஓடும்.

அவையில் நிறைவேறாமல் நின்ற மசோதா மட்டும் தங்காது. பேரவை கலைந்ததும் அது காலாவதி. அவையில் நிறைவேறி ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது காலாவதியாகாது.

எம்.எல்.ஏ.வே இல்லாத தொகுதி எப்படி ஓடும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2017 செப்டம்பர் 18இல் 18 பேரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். காலியிடத்தை ஆறு மாதத்தில் நிரப்ப வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. ஆனால் வழக்கு முடியும்வரை தேர்தல் நடத்த நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. ஆண்டிபட்டி, அரூர், பரமக்குடி, பெரம்பூர் உள்ளிட்ட 16 தொகுதிகளில் 2019 ஏப்ரல் 18இல்தான் ஓட்டுப் போட்டார்கள், மீதி இரண்டில் மே 19இல். குறைந்தது பத்தொன்பது மாதம். அந்த நாட்களிலும் ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, பட்டா எல்லாம் நடக்க வேண்டிய இடத்தில் நடந்தன. எம்.எல்.ஏ. கடிதம் இவற்றில் எதற்கும் சட்டப்படி தேவையான ஆவணம் இல்லை. ஃபைலை நகர்த்த ஒரு தள்ளு, அவ்வளவுதான். ஆதார் படிவம் போன்ற ஒரு சிலவற்றில் அவர் கையெழுத்து உதவும், அங்கேயும் கெஜட்டட் அதிகாரி போட்டால் போதும்.

சரி, அந்தப் பெரியவரின் பேப்பர்?

எம்.எல்.ஏ.விடம் கொடுத்த மனுவை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் அதைத் தாசில்தாருக்கோ கலெக்டருக்கோ அனுப்பியிருந்தால் மனு அந்த அலுவலகத்துக் கணக்கில் ஏறிவிட்டது, எம்.எல்.ஏ. மாறினாலும் அங்கேயே இருக்கும். அனுப்பாமல் மேசையில் இருந்தால் அது பூட்டுக்குள் இருக்கும் வெறும் காகிதம். சில அலுவலகங்களில் உதவியாளர் பொறுப்பாகக் கட்டி அடுத்தவருக்கு விட்டுப்போவார், பல இடங்களில் அதுவும் இல்லை.

அதனால் எம்.எல்.ஏ.விடம் கொடுக்கும் மனுவின் இன்னொரு பிரதியை உரிய துறையிலும் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ரசீது தருவார்கள், முதலமைச்சர் உதவி எண் 1100க்குப் போன் செய்தாலும் பதிவு எண் கிடைக்கும். தேர்தல் நேரத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்காது, கலெக்டர் அலுவலக வாசலில் பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டியில் போடுவதற்கு முன் மனுவைப் போனில் படம் எடுத்துவிடுங்கள், பெட்டி ரசீது தராது.

புதியவர் உறுதிமொழி எடுத்து, சீல் உடைத்து, சுவரில் பெயர்ப்பலகையை மாற்றியதும் அந்த எண்ணோடு போங்கள். திறப்பு நாளில் வேண்டாம். சால்வையும் மாலையும் முடிந்து, நாலைந்து நாள் கழித்துக் காலை ஒன்பது மணிக்குப் போனால் உட்காரச் சொல்லிக் கேட்பார்கள்.