திரையின் புள்ளிகளும் கண்ணின் எல்லையும்

ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது அங்குலக் கணக்கு. அடுத்துச் சொல்வது எச்.டி., ஃபுல் எச்.டி., ஃபோர்கே என்னும் பெயர்களில் ஒன்று. அந்தத் திரையில் குறுக்காக எத்தனை, மேலிருந்து கீழாக எத்தனை படப்புள்ளிகள் பதிக்கப்பட்டுள்ளன என்பதை மட்டுமே இந்தப் பெயர்கள் சொல்கின்றன. வீட்டுக்கு வந்துசேரும் படத்தில் அத்தனை புள்ளிகளுக்கும் உரிய விவரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கேமராவில் தொடங்கி, நிலையத்தின் சுருக்கும் கருவி, செயற்கைக்கோள், மொட்டைமாடி டிஷ், செட்டாப் பாக்ஸ், அதைப் பெட்டியோடு இணைக்கும் கேபிள், திரை, கடைசியில் பார்ப்பவரின் கண் என்று படம் கடந்துவரும் கட்டங்கள் பல. இவற்றுள் எது மிகக் குறைவாக விவரத்தைக் கடத்துகிறதோ, அதன் அளவுக்கே படம் தெளிவாக இருக்கும்.

பாம்பன் ரயில் பாலத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் முழுவதும் திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை அடங்கும்படி தொலைவிலிருந்து படம் எடுத்ததாகக் கொள்வோம். பழைய எஸ்.டி. ஒளிபரப்பில் குறுக்காக 720 புள்ளிகள். எனவே ஒரு புள்ளி பாலத்தின் ஏறத்தாழ 2.8 மீட்டரைத் தன்னுள் அடக்கும். 1920 புள்ளிகள் கொண்ட ஃபுல் எச்.டி.யில் அது 1 மீட்டரைச் சற்றே தாண்டும். 3840 புள்ளிகள் கொண்ட ஃபோர்கேயில் அரை மீட்டர். 22 மீட்டர் நீளமுள்ள ரயில்பெட்டி ஒன்று அந்தப் பாலத்தில் போனால், எஸ்.டி.யில் அது 8 புள்ளி நீளமுள்ள ஒரு கறை, ஃபுல் எச்.டி.யில் 21 புள்ளி; ஃபோர்கேயில் 42 புள்ளி. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள சந்து எஸ்.டி.யில் ஒரு புள்ளிக்கும் குறைவாகிக் கரைந்துபோகும். வலைக்கண்ணைவிடச் சிறிய மீன் வலையில் நிற்காதது போல, புள்ளியைவிடச் சிறிய விவரம் படத்தில் நிற்காது. மொத்தக் கணக்கில் பார்த்தால், எஸ்.டி.யில் 720 × 576 என்று 4,14,720 புள்ளிகள்; 1280 × 720 வடிவத்தில் 9,21,600; ஃபுல் எச்.டி.யில் 20,73,600; ஃபோர்கேயில் 82,94,400.

இந்த எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல. இந்தியா பின்பற்றிய பால் (PAL) என்னும் பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கிடைக்கோடுகள். அவற்றில் கண்ணுக்குத் தெரிந்தவை 576, மீதி ஒத்திசைவுக்கும் பிற தேவைகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பின் ஜப்பானின் என்.எச்.கே. ஒளிபரப்பு நிறுவனம் இதைவிட நுணுக்கமான தொலைக்காட்சிக்கான ஆய்வைத் தொடங்கி 1125 கோடுகள் கொண்ட முறையை உருவாக்கியது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி.709 என்னும் பரிந்துரை 1990இல் ஏற்கப்பட்டு, பின்வந்த திருத்தங்களில் 1920 × 1080 என்ற வடிவம் உலகுக்கெல்லாம் பொதுவானது. அகலத்துக்கும் உயரத்துக்குமான 16:9 விகிதத்தை 1980களில் முன்வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ். பழைய தொலைக்காட்சியின் 4:3, அகலத்திரைப் படங்களின் 2.35:1 ஆகிய இரு எல்லைகளுக்கும் நடுவே, எந்தப் படத்தையும் அதிக இடம் வீணாகாமல் காட்டக்கூடிய சட்டம் அது. 4:3இல் எடுத்த பழைய படத்தைத் திரை முழுவதும் நிரம்பவேண்டும் என்று இழுத்துப் பார்க்கிற வீடுகள் நம்மிடையே ஏராளம். அப்படி இழுக்கும்போது ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடுகிறது. இரு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை இருந்தாலும் அந்தப் படத்தை அதன் வடிவிலேயே விட்டுவைப்பதுதான் எடுத்தவருக்கு நாம் செய்யும் நியாயம்.

இந்தியாவில் 2010 அக்டோபரில் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் ஒளிபரப்பியது. இன்று நம் எச்.டி. சேனல்கள் பொதுவாக அனுப்புவது 1080 கோடுகளையும் ஒரே வீச்சில் அல்ல. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு வினாடியின் 50இல் ஒரு பங்கில் வரும்; இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த 50இல் ஒரு பங்கில் வரும். அசையாத காட்சியில் இரண்டும் பிசிறின்றிப் பொருந்திவிடும். கபடியில் ரெய்டுக்குப் போகிறவர் கோட்டை நோக்கிப் பாய்ந்து திரும்பும்போதோ, ஒரு பாதிக்கும் அடுத்த பாதிக்கும் இடையில் அவருடைய கை நகர்ந்துவிடுவதால், விளிம்பு சீப்புப்பல் போல் பிரிந்து தெரியும். அதைச் சரிசெய்யும் வேலை தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்கு உரியது. ஒரே அளவு, ஒரே புள்ளிக் கணக்கு கொண்ட இரண்டு பெட்டிகளில் விளையாட்டு ஒன்றில் துல்லியமாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் தெரிவதற்கு இந்தச் சில்லின் தரம் முக்கியமான காரணம்.

புள்ளிக் கணக்கைவிடக் கவனிக்கவேண்டியது சுருக்கம். ஃபுல் எச்.டி. படம் ஒன்றை ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் (0 அல்லது 1 என்னும் மிகச் சிறிய தகவல் அலகு), வினாடிக்கு 25 படம் என்று அப்படியே அனுப்பினால் வினாடிக்குச் சுமார் 124 கோடி பிட் தேவைப்படும். நம் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் காணும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைக் காண்பதில்லை என்பதால், நிற விவரத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று குறைத்து, முதலிலேயே மொத்தப் பிட் கணக்கைப் பாதியாக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் 62 கோடி. வீட்டுக்கு வரும் ஒரு எச்.டி. சேனலுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒரு கோடி பிட்டுக்கும் குறைவு. மீதியை எப்படி விடுகிறார்கள் என்றால், படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய படத்திலிருந்து எந்தக் கட்டம் எந்தப் பக்கம் நகர்ந்தது, எதில் என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். செய்தி வாசிப்பவர் அசையாமல் அமர்ந்திருக்கும் காட்சிக்கு இது மிகச் சிக்கனமான வழி.

கடலுக்கு இந்தச் சிக்கனம் ஒத்துவருவதில்லை. ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையிலிருந்து நேரலை வரும்போது கவனித்துப் பாருங்கள். கரையில் நிற்கும் மக்கள் தெளிவாக இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வெயிலில் மினுங்கும் நீர்ப்பரப்பு மெழுகு பூசியதுபோல் வழவழத்தோ, சதுரம் சதுரமாக உடைந்தோ தெரியும். அலையில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் அடுத்த கணத்தில் வேறிடத்தில் இருக்கிறது. முந்தைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக அனுப்ப பிட் போதாததால், சுருக்கும் கருவி நுணுக்கத்தைக் கைவிட்டுக் கட்டங்களின் சராசரி நிறத்தை மட்டும் அனுப்புகிறது. தாராளமாகப் பிட் ஒதுக்கிய 720 கோட்டுப் படம், பிட் பஞ்சத்தில் வரும் 1080 கோட்டுப் படத்தைவிடக் கடலை நன்றாகக் காட்டும். எழுதியிருக்கும் எண்ணைவிட ஒதுக்கியிருக்கும் பிட்டே பெரிது என்பதை இந்தக் கரையில் வாழ்பவர்கள் தினமும் சோதித்துப் பார்க்கலாம்.

1982இல் இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாகினி தொடங்கியபின், இக்கரை வீடுகளின் ஆண்டெனாக்கள் தென்கிழக்கே கடலைப் பார்த்துத் திரும்பின. அது அனலாக் காலம். அலைவரிசை வலுக்குறைந்தால் படத்தில் பூச்சி பறக்கும், குரல் இரையும், ஆனால் கதை புரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை மிகக் குறுகியது. பிழைதிருத்தக் குறியீடுகள் ஓர் எல்லை வரை இழந்த பிட்டுகளை மீட்டுத் தந்துவிடுவதால் படம் சிறிதும் கெடாது. அந்த எல்லை தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து, உடனே நின்றுவிடும். டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர் என்பதால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழையில்லாத நாளிலும் படம் உடைந்தால், டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்க்கவேண்டும். உப்புக்காற்றில் அந்த முனையும் நடுக்கம்பியும் களிம்பேறியிருக்கும்; அரை அங்குலம் வெட்டிப் புது கனெக்டர் போட்டு, மேலே காற்றுப் புகாமல் டேப் சுற்றினாலே பல நேரம் சரியாகிவிடும்.

இத்தனையும் கடந்து எச்.டி. படம் செட்டாப் பாக்ஸ் வரை ஒழுங்காக வந்தபின், கடைசி மூன்றடியில் அதை இழப்பவர்கள்தான் எனக்கு அதிக வருத்தம் தருகிறார்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏ.வி. கேபிளை அப்படியே எச்.டி. பாக்ஸிலும் சொருகிவிட்டால், மஞ்சள் முனை வழியாகப் போவது 576 கோட்டுப் படம் மட்டுமே, எச்.டி.க்குக் கட்டிய காசு வீண். ஒளியும் நிறமும் அந்த ஒரே கம்பியில் கலந்து போவதால், நெருக்கமான கோடு போட்ட சட்டையில் இல்லாத வானவில் நிறங்கள் ஊர்வதையும் காணலாம். எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டி, பாக்ஸின் மெனுவில் வெளியீட்டை 1080க்கு மாற்றினால் இது தீரும். 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் திரையிலிருப்பது 1366 × 768 புள்ளிகள். 720க்கும் 1080க்கும் அது நேராகப் பொருந்தாததால் எந்தப் படத்தையும் அளவு மாற்றியே காட்டவேண்டியிருக்கிறது, அதனால் எழுத்துகளின் விளிம்பு சற்று மழுங்கும்.

இனி கண். சராசரி நல்ல பார்வை பிரித்தறிவது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு கோணத்தை. 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், ஃபுல் எச்.டி.யில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். 1.7 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகளைச் சராசரிக் கண்ணால் தனித்தனியாகப் பிரிக்கமுடியாது. 55 அங்குலத்துக்கு அந்தத் தொலைவு சுமார் 2.2 மீட்டர், 65 அங்குலத்துக்கு 2.6 மீட்டர். எனவே எதிர்ச்சுவரோரம் பத்தடி தள்ளி உட்கார்ந்து 43 அங்குலப் பெட்டியைப் பார்க்கும் குடும்பத்துக்கு, ஃபோர்கேயின் கூடுதல் 62 லட்சம் புள்ளிகள் ஏறத்தாழ எதையும் கூட்டுவதில்லை. மிகக் கூரிய பார்வை உள்ளவர்களுக்கு இந்த எல்லை சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவே.

அந்தப் பத்தடியிலிருந்தும் தெரிகிற வேறுபாடு ஒன்று உண்டு. 2012இல் வந்த பி.டி.2020, 2016இல் வந்த பி.டி.2100 ஆகிய பரிந்துரைகள் நிறத்தின் வீச்சையும் ஒளியின் வீச்சையும் விரித்தன. 8 பிட்டில் ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 256 படிகள்; 10 பிட்டில் 1024. தனுஷ்கோடியின் விடியல் வானத்தை 8 பிட்டில் சுருக்கிக் காட்டும்போது ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறும் இடம் பட்டை பட்டையாகப் பிரிவதும், 10 பிட்டில் அது சீராக மாறுவதும் தொலைவிலிருந்தே தெரியும். இந்த விரிந்த ஒளி வீச்சைக் குறிக்கும் எச்.டி.ஆர். என்ற பெயரை அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், விலை குறைந்த திரைகள் பல 300 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) அளவு ஒளியிலேயே நின்றுவிடுகின்றன, எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் 1000 நிட்டைக் கருதித் தயாராகின்றன. ஃபோர்கேயா என்று கேட்பதோடு, திரை 10 பிட்டா, உச்ச ஒளி எத்தனை நிட் என்றும் கடைக்காரரிடம் கேட்டு, பெட்டிக்கும் நாற்காலிக்கும் இடையிலான தொலைவை வீட்டிலிருந்தே அளந்துகொண்டு போவது நல்லது.